இடைவேளை வரைதான் கதை

சிட்லபாக்கம்
ஜூன் 9, 2024

அன்புள்ள பியூலா அக்காவுக்கு,

தேவ கிருபையால் நானும் சுஜியும் நன்றாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆபரேஷன் செய்த கால் மடங்குகிறதா, பிசியோதெரபிப் பெண் ஒழுங்காக வருகிறாளா, எபியும் ஆஷாவும் எப்படி இருக்கிறார்கள் என்று விவரமாக எழுது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்டேன். நீ சொன்ன காரணம் நியாயமாகத்தான் பட்டது. நீ போனை எடுத்தால் உன் மருமகள் ஆஷா ஆபீஸ் மீட்டிங்கை நிறுத்திவிட்டு, நீ பேசி முடிக்கும்வரை ஹாலில் காத்திருக்கிறாள் என்றாய். அந்த மரியாதையைப் பார்த்தாலே பேச்சு தொண்டையில் நின்றுவிடுகிறது என்றாய். சரி, எழுதுகிறேன். பழைய படம் பார்ப்போர் மன்றத்தின் தலைவி கேட்டால் செயலாளர் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

நேற்று இரண்டாம் சனிக்கிழமை. சேலையூர் அசோசியேஷன் ஹாலில் கூடினோம். இந்த மாத முறை ஜெயகிருஷ்ணனுடையது. பெருங்களத்தூர் புது அடுக்குமாடியிலிருந்து காரில் வருவாரே, மறைமலை நகரில் வேலை, புரொஜெக்டர் அவருடையது என்பதால் யாரும் அதட்டிப் பேச முடியாத ஆள், அவர்தான். புது ஆள் என்பதால் உன் சட்டத்தை அவருக்கு இன்னொரு தடவை படித்துக் காட்டினேன். படம் ஐம்பது வருடத்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும். முறைக்காரர் எழுந்து நின்று கதையை இடைவேளை வரைக்கும் சொல்ல வேண்டும். படத்தின் பெயரோ நடிகர் பெயரோ வாயில் வரக்கூடாது, வந்தால் ரசிகர் சண்டை. மீதிக் கதை தெரிய வேண்டும் என்று பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினால் நாலாம் சனி அந்தப் படம். தூக்காவிட்டால் வடையோடு சரி.

தலையாட்டிவிட்டு எழுந்தார். ஏதோ ஒரு தேசத்துப் படம். பனி கொட்டும் ஊர், ஒரு தபால்காரர், ஒரு நாய். தபால்காரர் நடக்கிறார், நாயும் நடக்கிறது. ரயில்வேயில் ரிட்டையரான நம் ராஜகோபாலன் சார் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல இடைவேளை எங்க சார் வருது?"

"இந்தப் படத்துக்கு இடைவேளையே கிடையாது சார்."

அவ்வளவுதான், ஹால் இரண்டாகிவிட்டது. இடைவேளை இல்லாத படத்தை இடைவேளை வரை எப்படிச் சொல்வது? உன்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த திரிபுரசுந்தரி டீச்சர், "நாய் குரைக்கிற எடத்துல நிறுத்திக்கலாமே" என்றார். நாய் கடைசிவரை குரைக்காதாம். அதைச் சொன்னது மீதிக் கதையைச் சொன்ன குற்றமா, இல்லையா என்று அடுத்த சண்டை. ஓட்டெடுப்பு நடக்கவில்லை. எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். நீ இருந்தால் ஒரு பார்வையில் முடித்திருப்பாய்.

இன்னொன்று. உன் பிள்ளை எபி போன் செய்தான். உன் சேலையூர் வீட்டை விற்கலாம் என்று முடிவாகிவிட்டதாமே. நல்லதுதான், சும்மா பூட்டிக் கிடந்தால் கரையான்தான் குடிவரும். சாவி என்னிடம்தானே இருக்கிறது. இன்று சர்ச் முடிந்ததும் ஒரு தம்பதிக்குக் காட்டினேன். நல்ல வெளிச்சம் என்றார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
டெனிஸ்


பெங்களூர்
ஜூன் 21, 2024

பிரியமுள்ள டெனிஸ்,

உன் கடிதம் கிடைத்தது. உனக்கும் சுஜிக்கும் நல்ல சுகம் இருக்க ஜெபிக்கிறேன். கால் மடங்குகிறது. மாத்திரை நேரத்துக்குப் போடுகிறேன். உன் சர்க்கரையை டெஸ்ட் செய்தாயா? செய்திருக்க மாட்டாய்.

தலைவலி வரும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. செயலாளர் என்றால் மணி அடிக்கத் தெரிய வேண்டும். இடைவேளை என்பது தியேட்டர்காரன் விளக்குப் போடுகிற நேரம் இல்லையப்பா. எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்கிறவனுக்கு எழுந்து போக மனசு வராதோ, அதுதான் இடைவேளை. அந்த இடத்தை முறைக்காரர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜெயகிருஷ்ணனுக்கு அது கிடைக்கவில்லை என்றால் அவருக்குப் படம் பிடிக்கவில்லை, பெயர்தான் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இதை அவரிடம் என் பெயர் சொல்லியே சொல்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. காபி கைக்கு வருகிறது. குடித்த டம்ளரைக் கழுவப் போனால் "விடுங்க அத்தை" என்று ஆஷா வாங்கிக்கொள்கிறாள். துணி மடிக்கலாம் என்று போனால் அதற்கு ஒரு பெண் வருகிறாள். சாயங்காலம் கீழே பார்க்கில் நடக்கிறேன். என் வயதுப் பெண்கள் நிறையப் பேர். எந்த ஊர் என்று கேட்டால், "மதுரைல இருந்தோம்", "திருச்சில இருந்தேன்" என்கிறார்கள். நான் மட்டும் சேலையூரில் இருக்கிறேன், கால் சரியானதும் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது.

ராஜகோபாலன் சார் முறை அடுத்த மாதம். அவரை இடைவேளையில் நிறுத்துவது உன் பொறுப்பு. மனுஷன் பிரேக் இல்லாத வண்டி.

சுஜிக்கு என் அன்பு.

அக்கா
பியூலா


சிட்லபாக்கம்
ஜூலை 15, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கால் நாளுக்கு நாள் தேறி வருவதில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். சர்க்கரை டெஸ்ட் இந்த வாரம் செய்கிறேன்.

நீ சொன்னதுதான் நடந்தது. ராஜகோபாலன் சார் நின்றார். மிராசுதார் மகள், அவளைக் காதலிக்கும் டாக்டர், களஞ்சியத்தில் தீ. பிரமாதமாகச் சொன்னார் அக்கா, பொய் சொல்லக் கூடாது. தீ பிடித்து, டாக்டர் உள்ளே மாட்டிக்கொண்டதும் "இடைவேளை சார், இடைவேளை!" என்று நான் எழுந்து கத்தினேன். மேஜையைத் தட்டினேன். அவர் காதில் விழவே இல்லை. டாக்டரை வெளியே இழுத்து, கண் பார்வை போக்கி, திரும்ப வரவழைத்து, கல்யாணத்தையும் முடித்து, "சுபம்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

கை தூக்கச் சொன்னேன். ஒரு கை தூக்கவில்லை. மீதி என்ன இருக்கிறது தெரிந்துகொள்ள? "அப்ப யாருக்கும் படம் புடிக்கலையா?" என்று கேட்டார். திரிபுரசுந்தரி டீச்சர், "படத்ததான் பாத்துட்டோமே சார்" என்றார். கோபித்துக்கொண்டு வடையைக்கூடத் தொடாமல் போய்விட்டார். நேற்று கேம்ப் ரோட்டில் எதிரே வந்தவர் என்னைப் பார்த்ததும் மருந்துக் கடைக்குள் நுழைந்துகொண்டார். இரண்டு மாதமாக ஒரு படம் போடவில்லை. பழைய படம் பார்க்காதோர் மன்றம் என்று போர்டை மாற்றிவிடலாம் போலிருக்கிறது.

வீட்டு விஷயம். அந்தத் தம்பதிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. டேப் வைத்து அளந்தார்கள். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் உள்ள சுவரை இடித்துவிட்டால் விசாலமாக இருக்கும் என்கிறார்கள். எபியிடம் சொல்லிவிட்டேன். நீ வீட்டைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே? அம்மாவுக்குச் சம்மதம்தான் மாமா என்று எபி சொல்கிறான். இருந்தாலும் ஒரு வரி எழுது.

சுஜி உன்னை ரொம்பக் கேட்டாள்.

டெனிஸ்


பெங்களூர்
ஆகஸ்டு 1, 2024

அன்புள்ள டெனிஸ்,

அனைவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. நடை சீராகிவிட்டது, கைத்தடியை விட்டுவிட்டேன்.

ராஜகோபாலன் சார் வீட்டுக்கு நீ போ. மருந்துக் கடையில் ஒளிந்துகொள்கிறவரைத் தேடிப் போய்ப் பேசுவதுதான் செயலாளர் வேலை. அவர் கதை சொன்ன விதம் நன்றாக இருந்தது என்று முதலில் சொல். அதன் பிறகு சட்டத்தைச் சொல். நீ எப்போதும் சட்டத்தில் ஆரம்பிக்கிறாய், அதனால்தான் எல்லோரும் கோபித்துக்கொள்கிறார்கள்.

செப்டம்பர் என் முறை. அதை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே. மூன்று கூட்டம் வராதவர் முறை போய்விடும் என்று நானேதான் சட்டம் போட்டேன், மறக்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். எனக்கு அங்கே ஒரு முறை இருக்கிற வரைக்கும் நான் அந்த ஊர்க்காரி. போனால் நானும் பார்க்கில் உட்கார்ந்து "இருந்தேன்" என்று சொல்ல வேண்டியதுதான். இதை மன்றத்தில் படிக்க வேண்டாம்.

சமையலறைச் சுவரைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக.

பியூலா


சிட்லபாக்கம்
ஆகஸ்டு 12, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கைத்தடியை விட்டதில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. என் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, சந்தோஷமா?

உன் முறைக்காக நான் பட்ட பாடு! ஜெயகிருஷ்ணன் உன் சட்டத்தையே எடுத்து உன்மேல் வீசினார். "மேடம் ஜூன் வரல, ஜூலை வரல, ஆகஸ்ட் வரல. ரூல்னா எல்லாருக்கும் ரூல்தானே சார்?" அவருக்குத் தன் நாயைத் திரும்பக் கொண்டுவர ஆசை. ராஜகோபாலன் சார் (ஆமாம், வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாக அழைத்து வந்தேன்) அவரும் அதே பக்கம். திரிபுரசுந்தரி டீச்சர்தான் எழுந்து, "வராதவங்க முறை போகும்னுதானே இருக்கு? எழுதி அனுப்பக் கூடாதுன்னு இல்லையே? அவங்க எழுதட்டும், டெனிஸ் சார் படிக்கட்டும்" என்றார். வாய்தா வாங்கின வக்கீல் மாதிரி நான் அதைப் பிடித்துக்கொண்டேன். முடிவாகிவிட்டது. செப்டம்பர் கூட்டத்துக்கு முன்னால் உன் கதை என் கையில் இருக்க வேண்டும். இடைவேளை வரை மட்டும்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். "படித்தேன்" என்றால் என்ன அர்த்தம்? இடைவேளைக்கு இலக்கணம் ஒரு பக்கம், ராஜகோபாலன் சாருக்கு உபசாரம் ஒரு பக்கம், சொந்த வீட்டுக்கு ஒரே ஒரு "படித்தேன்"! அவர்கள் அட்வான்ஸ் கொடுக்கத் தயார். எபி பவர் பத்திரம் தயார் செய்துவிட்டான். நீ கையெழுத்துப் போட்டால் முடிந்தது. எப்போது போடுகிறாய்? பீரோவை என்ன செய்வது? தையல் மெஷினை சர்ச்சுக்குக் கொடுத்துவிடலாமா? அத்தானின் புத்தகங்களை யார் எடுத்துக்கொள்வது? எனக்கும் வேலை இருக்கிறது அக்கா. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பதில் சொல்லி எனக்குப் பேஜாராகிவிட்டது.

கோபித்துக்கொள்ளாதே. உடனே எழுது.

டெனிஸ்


பெங்களூர்
செப்டம்பர் 4, 2024

டெனிஸுக்கு,

நலம். நீயும் சர்க்கரையைக் குறை.

கீழே உள்ளதை ஒரு எழுத்து விடாமல் மன்றத்தில் படி. நடுவில் உன் அபிப்பிராயம் வேண்டாம்.

கறுப்பு வெள்ளைப் படம். கடலோரத்தில் ஒரு ஊர். அங்கே ஒரு பாட்டு டீச்சர். புருஷன் போய்ப் பல வருடம் ஆகிறது. தானே பார்த்துப் பார்த்துக் கட்டிய சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரே மகன் பம்பாயில். ஒருநாள் மழையில் வழுக்கி விழுந்து டீச்சருக்குக் கால் உடைகிறது. மகன் ஓடி வந்து அழைத்துப் போகிறான். நல்ல பையன். மருமகளும் தங்கமான பெண். இந்தப் படத்தில் வில்லன் கிடையாது. இருந்தால் டீச்சருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், கத்தியாவது தீர்த்திருப்பாள்.

ஒருநாள் சாப்பிடும்போது மகன் சொல்கிறான்: "அந்த வீடு சும்மாதானேம்மா பூட்டிக் கிடக்கு. குடுத்துட்டா இங்கயே பெருசா ஒண்ணு வாங்கி எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்." அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள். அவன் எவ்வளவு ஆசையாகச் சொல்கிறான் என்று பார்க்கிறாள். பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொள்கிறான்.

ஊரில் அவளுக்கு ஒரு தம்பி. வீட்டுச் சாவி அவனிடம். பாசக்காரன், கொஞ்சம் வாய் அதிகம், அந்த ஊர் நாடக சபைக்குக் காரியதரிசி. அக்கா மகன் சொன்னதும் ஆட்களைக் கூட்டி வந்து வீட்டைக் காட்டுகிறான். வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள். தம்பி அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறான். யாருக்கு ராஜா வேஷம், யாருக்கும் யாருக்கும் சண்டை என்று எழுதிவிட்டு, கடைசியில் வீடு. டீச்சர் கடிதத்தை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறாள். ஒரே ஒரு வரியைத் தேடுகிறாள். அக்கா, உனக்கு இதில் இஷ்டமா? கடிதத்தைத் திருப்பி, ஓரத்தில் ஏதாவது எழுதியிருக்கிறானா என்றுகூடப் பார்க்கிறாள். இல்லை.

மகன் பத்திரத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கிறான். பேனாவைத் திறந்து அவள் கையில் கொடுக்கிறான். "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு, அவ்ளோதாம்மா." அவள் பேனாவைப் பிடித்திருக்கிறாள். மருமகள் காபியோடு வருகிறாள். டீச்சர் நிமிர்ந்து மகனைப் பார்க்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

இடைவேளை.

பியூலா


சிட்லபாக்கம்
செப்டம்பர் 16, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே எல்லோரும் சுகம்தானே? இங்கே நாங்கள் சுகம், ஆனால் மன்றத்தில் கலவரம்!

படித்து முடித்தேன். கை தூக்கச் சொல்லும் முன்பே எல்லாக் கையும் மேலே. ஜெயகிருஷ்ணன் இரண்டு கையையும் தூக்கினார். மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. "அவங்க போட்டாங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க சார்" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் தெரியுமா?

இது என்ன படம் என்று அடுத்த ரகளை. ஜெயகிருஷ்ணன் போனில் துழாவினார், கிடைக்கவில்லை. ராஜகோபாலன் சார் தான் சின்ன வயதில் இந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்ததாக அடித்துச் சொல்கிறார். டீச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பாட்டுப் பாடி, பேனா கையிலேயே இருக்க உயிரை விடுவாளாம். தானும் தன் அம்மாவும் அழுதுகொண்டே பஸ் ஏறினார்களாம். "அதெல்லாம் இல்ல சார், அவங்க சாக மாட்டாங்க" என்று திரிபுரசுந்தரி டீச்சர் வெட்டிவிட்டார். இவருக்கு எப்படித் தெரியும்? இவரும் பார்த்ததில்லையாம்!

என் அபிப்பிராயம் வேண்டாம் என்றாய், கூட்டத்தில் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். டீச்சர் பாத்திரம் அருமை. அந்தத் தம்பிதான் சகிக்கவில்லை. கூடப் பிறந்தவள் மாதக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை, அது ஏன் என்று யோசிக்கக்கூடவா ஒருத்தனுக்குத் தெரியாது? இப்படி ஒரு மண்டு ஊரில் உண்டா? அந்தக் காலத்துக் கதாசிரியர்கள் கதையை நகர்த்துவதற்காக இப்படி ஒரு முட்டாளை உள்ளே விட்டுவிடுவார்கள். திரிபுரசுந்தரி டீச்சர் ஹாலைப் பூட்டும்போது என்னிடம், "அந்தத் தம்பி யாருன்னு உங்களுக்குத் தெரியலையா சார்?" என்று கேட்டார். "அந்த மாதிரி வேஷம் நெறையப் பேர் கட்டியிருக்காங்க டீச்சர், எப்படிச் சொல்றது" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

படத்தின் பெயரை உடனே எழுது. நாலாம் சனிக்கு முன்னால் பிரின்ட் தேட வேண்டும்.

நீ கையெழுத்துப் போடும் நேரத்தில் காய்ச்சல் வந்துவிட்டது, தள்ளிப் போட்டிருக்கிறோம் என்று எபி சொன்னான். இப்போது தேவலையா? அவர்கள் இந்த மாதக் கடைசிவரைதான் பொறுப்பார்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொடு அக்கா.

டெனிஸ்


பெங்களூர்
செப்டம்பர் 21, 2024

டெனிஸ்,

எனக்குக் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். அறுபத்தேழு வயதில் கணக்குப் பரீட்சைக்குப் பயந்த பிள்ளை மாதிரி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

படத்துக்குப் பெயர் கிடையாது. அப்படி ஒரு படமே கிடையாது. அந்தத் தம்பி சிட்லபாக்கத்தில் இருக்கிறான்.

உன் கடிதத்தை மாடியில் வைத்துப் படித்தேன். "மண்டு" என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், துணி காயப்போட வந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அதற்குக் கீழேயே "சீக்கிரம் முடித்துக்கொடு" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் உட்கார்ந்து அழுதேன். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? முன்பின் தெரியாத ஒரு பாட்டு டீச்சருக்காக ஹால் முழுக்கக் கை தூக்குகிறது. எனக்குக் கடிதம் எழுதும்போது எப்போது போடுகிறாய், பீரோ யாருக்கு, தையல் மெஷின் யாருக்கு. செத்தவள் வீட்டில் சாமான் பிரிப்பது மாதிரி.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

பியூலா


சிட்லபாக்கம்
அக்டோபர் 2, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

உன் கடிதம் வந்ததும் முதலில் எனக்கு வந்தது கோபம்தான். "அடேய், எனக்கு இஷ்டமில்லை" என்று இரண்டு வார்த்தை எழுத உனக்கு என்ன கேடு? அதற்கு ஒரு கடலோர ஊர், ஒரு பம்பாய், ஒரு நாடக சபை! ஊருக்கே கதை சொல்லி என்னை முட்டாளாக நிறுத்த வேண்டுமா? என்று நான் கத்தியதும், கடிதத்தைப் படித்துவிட்ட சுஜி, "அவங்க நிறுத்தல, நீங்களாதான் போய் நின்னீங்க" என்றாள். உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். ஒன்றில்கூட நீ வீட்டை விற்கலாம் என்று எழுதவில்லை. நான் அதைப் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது அக்கா.

மறைமலை நகர் போய் அந்தத் தம்பதியை நேரில் பார்த்து, வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. பாவம், திரைச்சீலைக்குத் துணிகூட எடுத்து வைத்திருந்தாளாம். எபிக்கும் போன் செய்தேன். பெரிய சண்டை. "அம்மா ஒரு வார்த்த சொல்லலியே மாமா. நான் என்ன மனசுக்குள்ள பூந்தா பாக்க முடியும்? நான் ஏதோ திருடன் மாதிரி பேசறீங்க" என்று கத்தினான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உன்னிடம் அவன் பேசினானா?

நாலாம் சனி மன்றத்தில் எழுந்து நின்று, படம் கிடையாது, அந்தத் தம்பி நான்தான் என்று சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. ராஜகோபாலன் சார் மட்டும் இன்னும் நம்பவில்லை. அந்தப் படத்தைத் தான் பார்த்ததாகவே சொல்கிறார். இல்லாத படத்தைச் சொன்னதற்காக உன்மேல் நடவடிக்கை வேண்டும் என்று ஜெயகிருஷ்ணன் எழுந்தார், பிறகு அவரே, "மேடம் வந்து நேர்ல பதில் சொல்லட்டும் சார், அதுவரைக்கும் அவங்க முறை அவங்களுக்குத்தான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் மாதமே எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். அக்கா, உனக்கு அந்த வீட்டை விற்க இஷ்டமா?

என்ன பதில் எழுதினாலும் சரி.

உன் தம்பி
டெனிஸ்


பெங்களூர்
அக்டோபர் 9, 2024

என் பிரியமுள்ள டெனிஸ்,

நன்றாக இருக்கிறேன். நீயும் சுஜியும் சுகமாக இருங்கள். இந்தத் தடவை இதை வாய் உபசாரத்துக்கு எழுதவில்லை.

இஷ்டமில்லை. இப்போது இல்லை. எப்போதுமே இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, மாடிப்படி இருக்கிறது, வயது இருக்கிறது. ஆனால் அந்த நாளை நான் சொல்ல வேண்டும். இதைத்தான் எபியிடமும் சொன்னேன், உன் கடிதம் வந்த அன்றே, சாப்பிடும்போது. ஆஷா கரண்டியை வைத்துவிட்டாள். எபிக்கு முகம் சிவந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? உனக்காகத்தானம்மா பெரிய வீடு பாத்தேன்" என்றான். நான் என்ன சொல்வது? அவன் ஆசைப்பட்டது நிஜம். அதனால்தான் எனக்கு வாய் வரவில்லை. "என்னக் கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான்.

அதற்குப் பிறகு மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. காபி வருகிறது, மாத்திரை வருகிறது, ஆஷா தூது வருகிறாள். இவ்வளவு பெரிய ஆள் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தால் எப்படி இருக்கும் சொல். எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் பயம். வீட்டைக் காப்பாற்றிப் பிள்ளையை விட்டுவிட்டேனோ என்று சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வரப் பெட்டியில் வைத்த துணியை இரண்டு தடவை வெளியே எடுத்தேன். எனக்கு நானே டிக்கெட் போடத் தெரியாது. ஆஷாவைக் கேட்கலாம் என்றால், பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள்.

இன்று காலை எபி தானாகவே என் அறைக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். பெட்டியைப் பார்த்தான். "வெள்ளிக்கிழம காலைல சதாப்தில சீட் இருக்கு, போட்டுட்டேன்" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு. சரி என்றேன். போகாமல் நின்றான். கையில் இருந்த போனை ஒரு தடவை அணைத்தான், திரும்ப எரியவிட்டான்.

"ரிட்டர்ன் எப்போ போடட்டும்மா? நீ சொல்ற தேதிக்கு."

இத்தனை மாதமாக இந்த மாதிரி ஒரு கேள்விக்குத்தானே காத்திருந்தேன் டெனிஸ். காலண்டர் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவன் இன்னும் ஆபீஸ் போகவில்லை. ஹாலில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதை முடித்துவிட்டு எழுந்து போய் அவனுக்கு ஒரு தேதி சொல்ல வேண்டும்.

உன் அக்கா
பியூலா